கட்டிப்பாலுக்கு மூன்று வெள்ளி: மானியம் யார் கையில் சேருகிறது?

காலையில் வெட்டிய பால் மங்கிலேயே உறைந்துவிடும். இரண்டு மூன்று வெட்டுப் பால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உள்ளங்கை அளவு கட்டியானதும், மரம் மரமாகப் போய்ப் பிடுங்கிச் சாக்கில் போடுவார்கள். சாக்கிலிருந்து புளித்த நீர் வடியும். அந்த வாடை மோட்டார் சைக்கிளிலும் சட்டையிலும் ஏறிக்கொள்ளும்; இரண்டு முறை துவைத்தாலும் போகாது. ரப்பர் வாங்கும் கடையில் தராசு ஏறியதும் வியாபாரி ஒரு கட்டியை அமுக்கிப் பார்ப்பார். நீர் அதிகமென்று தோன்றினால் எடையில் கழிவு போடுவார், அல்லது விலையைக் குறைப்பார். பிறகு ரசீது எழுதுவார்.

கெடாவின் கோலமூடா மாவட்டத்துச் சிறுதோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களுக்கு அந்த ரசீதின் மதிப்பு சில மாதங்களில் கையில் வாங்கும் காசோடு நிற்பதில்லை. அதில் உள்ள எடையை வைத்துத்தான் அரசாங்கம் கூடுதலாகக் கொஞ்சம் பணம் தரும். அந்தப் பணம் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. தமிழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணமும் உண்டு.

திகாம் பத்து, சுங்கைப்பட்டாணிக்குத் தெற்கே உள்ள சிறு பட்டணம். அருகில் மூடா ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடந்தால் பினாங்கு மாநிலம். வடக்கே யான், அலோர்ஸ்டார் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல். கிழக்கே கூலிம், பாலிங் பக்கம் போனால் பால்மரமும் செம்பனையும். இந்த இரண்டு நிலத்துக்கும் இடையில் இருப்பதால், மலேசிய அரசு விவசாயத்துக்குத் தரும் மானியங்களின் இரண்டு பெரிய வகைகளையும் இங்கிருந்தே பார்க்கலாம். ஒன்று நெல்லுக்கு, மற்றது ரப்பருக்கு.

விலை விழுந்தால் வரும் பணம்

ரப்பர் விலை 2011-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. அந்த விலையை நம்பிச் சிலர் வீடு கட்டினார்கள், சிலர் கார் வாங்கினார்கள். நான்கே ஆண்டுகளில் விலை தரைக்கு வந்துவிட்டது. பலர் மரத்தை வெட்டாமலே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். 2015-இல் அரசு ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகையைக் கொண்டுவந்தது. மலாய் மொழியில் ஐ.பி.ஜி. என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தத் திட்டத்தை மலேசிய ரப்பர் வாரியம் நடத்துகிறது.

இதன் கணக்கு எளிமையானது. அரசு ஒரு விலையைக் குறித்துவைக்கிறது. ஒரு மாதத்தின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால், இடைவெளியை அரசு ஈடுகட்டும். மேலே போனால் அந்த மாதம் ஊக்கத்தொகை கிடையாது. பாதி நீரும் பாதி ரப்பரும் உள்ள கட்டிப்பாலுக்கு அந்த விலை முன்பு கிலோவுக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்தது. 2023 வரவு செலவுத் திட்டத்தில் 2 வெள்ளி 70 காசானது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் 3 வெள்ளியாக உயர்ந்தது. தீபகற்பம், சபா, சரவாக் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக மாதாமாதம் விகிதம் அறிவிக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கைந்து ஏக்கர் தோட்டத்தில் ஒரு மாதம் 300 கிலோ கட்டிப்பால் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி விலை 2 வெள்ளி 40 காசு. கடையில் 720 வெள்ளி கிடைக்கும். குறித்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி 60 காசு. ஆகவே அரசு தருவது 180 வெள்ளி. மொத்தம் 900. தோட்டத்துக்காரரே வெட்டினால் 900-உம் அவருக்கே. பங்குக்கு ஆள் வெட்டினால், பாதிக்குப் பாதி என்ற வழக்கப்படி ஆளுக்கு 450 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், பால்வெட்டை மட்டும் நம்பி ஏன் ஒரு குடும்பம் நடத்த முடிவதில்லை என்பது விளங்கும். அந்த 450-இல் 90 வெள்ளி அரசுப் பணம். அந்த 90 வெள்ளி வந்து சேருமா சேராதா என்பது வெட்டுகிறவருக்குச் சின்ன விஷயமல்ல.

இதோடு மழைக்கால உதவி ஒன்றும் இருக்கிறது. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பட்டையில் வழிந்து வீணாகும். கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை வலுக்கும்போது வாரத்தில் பாதி நாள் கத்தியைத் தொட முடியாது. இந்த நட்டத்துக்காக மாதம் 200 வெள்ளி வீதம் மூன்று மாதத்துக்கு 600 வெள்ளி தரப்பட்டு வந்தது; 2023-இல் நான்கு மாதமாக நீட்டி 800 வெள்ளியாக்கினார்கள்.

பாலிங்கில் தொடங்கிய கதை

ரப்பர் விலைக்கு அரசு முட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை கெடாவிலிருந்துதான் நாடறிய எழுந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அடுத்த ஆண்டு உலகப் பொருளாதாரம் சுருங்கியது. ரப்பர் விலை சரிந்தது; அரிசி, சீனி, மாவு விலை ஏறியது. 1974 நவம்பரில் பாலிங் பட்டணத்தில் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். சோற்றுக்கு வழியின்றிக் காட்டுக் கிழங்கைத் தின்ற குடும்பத்தில் சாவு விழுந்ததாகப் பேச்சு பரவியது. டிசம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

அப்போது கைதானவர்களில் ஒருவர் இளைஞர் தலைவர் அன்வார் இப்ராகிம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். 2022 நவம்பரில் அவர் பிரதமரானார். கட்டிப்பாலின் விலையை 3 வெள்ளியாக உயர்த்திய வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வாசித்தவரும் அவரே.

பாலிங் போராட்டத்துக்குப் பின் அரசே சந்தையில் இறங்கி ரப்பர் வாங்கி விலையைத் தாங்கியது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1979-இல் பன்னாட்டு இயற்கை ரப்பர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு, விலை இறங்கினால் வாங்கிச் சேமிப்பதும் ஏறினால் விற்பதுமாக இயங்கியது. 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தபின் மலேசியாவும் தாய்லாந்தும் விலகின; 1999-இல் அமைப்பு கலைந்தது. அன்றிலிருந்து சந்தை விலை தன் போக்கில் போக, நாடுகள் ஒவ்வொன்றும் தங்கள் விவசாயிகளுக்குத் தனித்தனியாக ஈடு கொடுத்து வருகின்றன.

நெல் வயலில் வேறு கணக்கு

நெல்லின் கதை இன்னும் பெரியது, இன்னும் செலவு மிக்கது. மூடா, பெடு அணைகள் கட்டப்பட்டு 1970-இல் மாடா என்ற மூடா விவசாய மேம்பாட்டு வாரியம் அமைந்தது. கெடாவிலும் பெர்லிசிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேரில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. 1979 முதல் உரம் இலவசம், தொடக்கத்தில் ஒருவருக்கு 2.4 ஹெக்டேர் வரை.

1980-இல் நெல் விலை மானியம் வந்தபோது அதைப் பணமாகக் கொடுக்கவில்லை. பிக்குல் என்ற பழைய எடை அளவுக்கு 2 வெள்ளி மதிப்புள்ள கூப்பனைக் கொடுத்துச் சேமிப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விவசாயிக்கு வேண்டியிருந்தது கையில் காசு. அந்த ஆண்டு ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் அலோர்ஸ்டாரில் மாநில அரசு அலுவலகத்தின் முன் திரண்டார்கள். கூப்பன் முறை போனது. மானியம் ரொக்கமானது, பிக்குலுக்கு 10 வெள்ளியாகவும் உயர்ந்தது. 1990-இல் அது 15 வெள்ளி, டன் கணக்கில் 248 வெள்ளி 10 காசு. பின்னர் 300, 360 என்று ஏறி இன்று டன்னுக்கு 500 வெள்ளி.

இந்த மானியம் ஆலை தரும் விலைக்கு மேலே தனியாக வரும் பணம். ஆலை தர வேண்டிய குறைந்தபட்ச விலையையும் அரசே நிர்ணயிக்கிறது. 2025 ஜனவரியில் கெடா விவசாயிகள் டன்னுக்கு 1,800 வெள்ளி கேட்டுப் போராடினார்கள்; ஏப்ரல் முதல் 1,300-இலிருந்து 1,500 வெள்ளியாக அரசு உயர்த்தியது.

நெல்லுக்கும் ரப்பருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நெல்லுக்குச் சந்தை விலை எப்படியிருந்தாலும் டன் கணக்கில் மானியம் உண்டு. ரப்பருக்கு விலை விழுந்தால்தான் உண்டு. அரிசி நாட்டின் சோறு என்பதால் அரசு அதைக் கைவிட முடியாது. ரப்பர் ஏற்றுமதிச் சரக்கு. கெடாவின் நெல் நிலம் பெரும்பாலும் மலாய் விவசாயிகளுடையது. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மற்றவர்கள் வாங்கவும் முடியாது. ஆகவே தமிழர்களுக்கு விவசாய மானியத்தோடு நேரடித் தொடர்பு ஏற்படுவது பெரும்பாலும் பால்மரத்தின் வழியாகத்தான்.

வெட்டியவர் ஒருவர், நிலம் வேறொருவருடையது

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் பால் வெட்டினார்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரையில் நின்று, காண்டா வாளியில் பால் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனவர்கள். அவர்கள் வெட்டிய மரமும் மரம் நின்ற மண்ணும் கம்பெனிக்குச் சொந்தம். குடியிருந்த லயமும் அப்படியே.

விவசாய மானியம் என்ற ஏற்பாடு இந்த நாட்டில் தொடங்கியதே நிலம் உள்ளவரை மையமாக வைத்துத்தான். ஏற்றுமதியாகும் ரப்பருக்கு எடைக்கு இத்தனை காசு என்று வரி பிடித்து, அந்தப் பணத்தில் பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புது மரம் நடுவதற்கு உதவும் நிதி 1952-இல் உருவானது. 1973-இல் அந்தப் பொறுப்பு ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான மேம்பாட்டு வாரியமான ரிஸ்டாவிடம் வந்தது. மரத்தை அழித்து மறுநடவு செய்தால் ஐந்தாறு ஆண்டு பால் இல்லை. நிலக்காரருக்கு உதவிப் பணம் வந்தது. அந்த மரத்தைப் பங்குக்கு வெட்டிக்கொண்டிருந்தவருக்கு வேலை போனது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். 1951 முதல் 1960 வரையில் நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் செய்த ஆய்வு 1962-இல் வெளியானது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த காலம் அது. அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில்தான்: புக்கிட் சிடிம், 1961.

அந்தச் சாதனை பெரிது. கூலிக்கு மரம் வெட்டியவர்கள் அந்த மரத்துக்கே பங்குதாரர்கள் ஆனார்கள். ஆனால் கூட்டுறவுத் தோட்டமும் சட்டப்படி பெருந்தோட்டமே. நூறு ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர் சொச்சத்துக்குக் கீழே இருப்பதுதான் சிறுதோட்டம். சிறுதோட்டத்துக்கான மானியம் பெருந்தோட்டத் தொழிலாளிக்கு வராது. அவருக்குச் சம்பளச் சட்டமும் தொழிற்சங்கமும்தான் துணை.

துண்டாடப்பட்ட நிலத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வாங்கிய தமிழர்களும் உண்டு. சேமநிதிப் பணத்தை எடுத்துச் சிறு நிலம் வாங்கியவர்கள், கம்பத்துக்கு ஓரத்தில் நிலம் பிடித்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியபோதும் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோதும், வேலை இழந்து பிறருடைய சிறுதோட்டத்தில் பங்குக்கு வெட்டப் போனவர்கள் இன்னொரு கூட்டம். ஊக்கத்தொகை உண்மையில் கைக்கு வருமா என்ற கேள்வி இந்த இரண்டு சாராரையும் பற்றியது.

ஓர் அட்டை, ஒரு பட்டா, ஒரு ரசீது

ஊக்கத்தொகை பெற பாட்-ஜி என்ற ரப்பர் விற்பனை அனுமதி வேண்டும். மலேசிய ரப்பர் வாரியம் தரும் இந்த அனுமதி அட்டையைக் காட்டித்தான் உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்க வேண்டும். விற்பனை அதில் பதிவாகும். உதவிப் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். நிலத்துக்காரர் மட்டுமல்ல, பங்குக்கு வெட்டுகிறவரும் தம் பெயரில் அனுமதி பெற இடமிருக்கிறது. இந்தத் திட்டத்தின் மிக நல்ல அம்சம் இதுதான். தமிழர்கள் பலரிடம் இன்னும் போய்ச் சேர வேண்டிய செய்தியும் இதுதான்.

அட்டை இல்லாமல் விற்றால் என்ன ஆகும்? பங்குக்கு வெட்டுகிறவர் பாலை நிலக்காரரின் அட்டையில் விற்பார். ரசீது நிலக்காரர் பெயரில் இருக்கும். கடைக் காசைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள். சில வாரம் கழித்து ஊக்கத்தொகை நிலக்காரர் கணக்கில் விழும்போது, அது வந்ததே வெட்டியவருக்குத் தெரியாமல் போகலாம். நல்ல நிலக்காரர் பிரித்துக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் கேட்பதற்கு ஒரு தாளும் இருக்காது.

சில நிலக்காரர்கள் வெட்டுகிறவரின் பெயரைப் பதிவு செய்யத் தயங்குவார்கள். பின்னாளில் நிலத்தில் உரிமை கேட்பாரோ என்ற பயம் அதற்குக் காரணமாக இருக்கலாம். பால் விற்கும் அனுமதி நில உரிமை ஆகாது. இதை ரப்பர் வாரிய அதிகாரிகளும் ரிஸ்டா அதிகாரிகளும் இரு தரப்பையும் எதிரில் உட்காரவைத்து விளக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

சொந்த நிலம் உள்ளவர்களுக்கு வேறொரு முடிச்சு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அவர் இறந்து இருபது ஆண்டாகியிருக்கும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் கோலாலம்பூரில், மற்றொருவர் சிங்கப்பூரில். பெயர் மாற்றும் வேலையை யாரும் தொடங்கவில்லை. மறுநடவு உதவி கேட்கப் போகும்போதுதான் பட்டாவில் உயிரோடு இருப்பவர் பெயர் இல்லை என்பது தடையாக நிற்கும். 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நில அலுவலகத்திலேயே விண்ணப்பித்து இதை முடிக்கலாம். வாரிசுகள் எல்லாரும் ஒருமுறை ஒன்றுகூடிக் கையெழுத்திட வேண்டும். பல குடும்பங்களில் நடக்காமல் இருப்பது அந்த ஒரு சந்திப்புதான்.

மூன்றாவது முடிச்சு குடியுரிமை. ஊக்கத்தொகை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். இந்த மண்ணிலேயே பிறந்து, ஐம்பது ஆண்டு பால் வெட்டி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்கள் தமிழரிடையே உண்டு. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதும், விண்ணப்பிக்க வேண்டிய காலத்தில் வழிகாட்ட ஆளில்லாமல் போனதும் அவர்களை நிரந்தரவாசியாகவே நிறுத்திவிட்டன. அவர்கள் வெட்டும் மரத்தின் பாலுக்கும் அதே விலைதான். ஈட்டுத் தொகை மட்டும் இல்லை.

அக்கம்பக்கம் எப்படிச் செய்கிறது

எல்லைக்கு அப்பால் தாய்லாந்து உலகிலேயே அதிக ரப்பர் உற்பத்தி செய்யும் நாடு. 2019-இல் அங்கே ரப்பர் விவசாயிகளுக்கு வருமான உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தபோது, ஈட்டுத் தொகையை எப்படிப் பிரிப்பது என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: தோட்டத்துக்காரருக்கு நூற்றுக்கு 60, வெட்டுகிறவருக்கு 40. ஒருவருக்கு 25 ராய் நிலம் வரைதான் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வெட்டுகிறவர் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய பங்கு தனியாக வந்தது.

கேரளத்தில் 2015-இல் தொடங்கிய திட்டம் மலேசியத் திட்டத்துக்கு அண்ணன் தம்பி முறை. ரப்பர் ஷீட் கிலோவுக்கு 150 ரூபாய் என்று தொடங்கி, பின்னர் 170, 180 என்று உயர்ந்தது. 2 ஹெக்டேர் வரை உள்ள மரத்துக்குத்தான் உதவி. விற்ற ரசீதைக் கிராம அளவிலான ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் சரிபார்த்து மேலே அனுப்பும். எழுதப் படிக்கத் தடுமாறும் விவசாயிக்கு ஊரிலேயே ஒரு சங்கம் துணை நிற்பது அங்குள்ள பலம்.

நிலப் பட்டாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு பாடம். மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையில் தருகிறது. பணம் பட்டாதாரருக்கு. காவிரிப் படுகையில் குத்தகைக்கு உழுகிறவர்களுக்கு அதில் இடமில்லை. அதே திட்டத்தில் 2020-இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் விவசாயமே செய்யாத லட்சக்கணக்கானவர்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டது வெளிவந்து, நூறு கோடி ரூபாய்க்கு மேல் திரும்ப வசூலிக்க வேண்டியதாயிற்று. உழுகிறவர் வெளியே, உழாதவர் உள்ளே. விளைச்சலையும் ரசீதையும் வைத்துப் பணம் தரும் மலேசிய முறையில் அந்த அளவு மோசடிக்கு வாய்ப்பு குறைவு. விற்காத பாலுக்கு ரசீது இல்லை.

மானியம் செய்யாதவை

மலேசிய முறையிலும் ஓட்டைகள் உள்ளன. முதலாவது, ஈடு கட்டப்படுவது சராசரி விலைக்கும் குறித்த விலைக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. சராசரி 2 வெள்ளி 40 காசாக இருந்த மாதத்தில் ஒரு வியாபாரி நீரைக் காரணம் காட்டி 2 வெள்ளிக்கு வாங்கினால், குறைந்த 40 காசை யாரும் தர மாட்டார்கள். உட்பகுதியில் ஒரே ஒரு கடை இருக்கும் இடத்தில் வெட்டுகிறவருக்கு வேறு போக்கிடமில்லை. கண்ணால் பார்த்து நீரை மதிப்பிடும் வழக்கம் இருக்கும் வரை, மானியத்தில் ஒரு பகுதி தராசடியிலேயே கரைந்துபோகும்.

இரண்டாவது, விலை மட்டுமே பிரச்சினை அல்ல. 2017 முதல் ஒரு பூசண நோய் பால்மரங்களின் இலையை உதிர்த்துப் பால் சுரப்பைக் குறைத்து வருகிறது. கிலோவுக்குத்தான் ஊக்கத்தொகை என்பதால், மரத்தில் பால் குறைந்தால் உதவியும் குறையும். அதிகம் துன்பப்படும் தோட்டத்துக்குக் குறைவான பணம் போகிறது.

மூன்றாவது, ஆள் இல்லை. 1970-களில் ஆண்டுக்கு 15 லட்சம் டன் ரப்பர் உற்பத்தி செய்து உலகில் முதலிடத்தில் இருந்த மலேசியா, 2023-இல் உற்பத்தி செய்தது ஏறக்குறைய 3 லட்சத்து 48 ஆயிரம் டன். அதில் பெரும்பகுதி சிறுதோட்டங்களிலிருந்து வந்தது. கையுறை, டயர்த் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ரப்பரை இன்று இறக்குமதி செய்கிறோம். கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் தொழிற்சாலை வேலை கிடைக்கும்போது, விடியற்காலை நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கொசுக்கடியில் மரத்தடிக்குப் போக எந்த இளைஞரும் விரும்பமாட்டார். 3 வெள்ளி என்ற விலை, இப்போது வெட்டிக்கொண்டிருக்கும் ஐம்பது அறுபது வயதுக்காரர்களைத் தாங்குகிறது. புதியவர்களை அது இழுக்கவில்லை.

இத்தனை குறை இருந்தும், விலை விழுந்த மாதத்தில் வரும் நூறு இருநூறு வெள்ளி ஒரு வீட்டின் மின்கட்டணம், ஒரு பிள்ளையின் பள்ளிப் பேருந்துச் செலவு, ஒரு முதியவரின் மருந்து. அது உரியவர் கைக்குப் போக வேண்டும். தாய்லாந்தைப் போல வெட்டுகிறவரின் பங்கை அரசே பிரித்து அனுப்புவதுதான் நிரந்தரத் தீர்வு. மலேசிய ரப்பர் வாரியம் அதை விதியாக்க வேண்டும். நீர் அளவைக் கண்ணால் பார்க்காமல் கருவியால் சோதிக்கும் ஏற்பாட்டையும் கடைகளில் கட்டாயமாக்க வேண்டும்.

விதி மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. பங்குக்கு வெட்டுகிறவர்கள் அடையாள அட்டையோடும் நிலக்காரரின் ஒப்புதலோடும் ரப்பர் வாரிய அலுவலகத்துக்கோ ரிஸ்டாவுக்கோ போய்த் தங்கள் பெயரில் பாட்-ஜி கேட்க வேண்டும். அட்டை உள்ளவர்கள் அது காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு விற்பனை ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். தாத்தா பெயரில் பட்டா உள்ள குடும்பங்கள் அடுத்த தீபாவளிக்கு எல்லாரும் ஊரில் கூடும்போதே வாரிசு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுவிடலாம். திகாம் பத்து, பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறை ரப்பர் வாரிய, நில அலுவலக, தேசியப் பதிவிலாகா அதிகாரிகளை அழைத்து ஒரு முகாம் நடத்தினால், அனுமதி, பட்டா, குடியுரிமை ஆகிய மூன்று வேலையையும் ஒரே இடத்தில் தொடங்க முடியும். கோயில் மண்டபமும் பள்ளி மண்டபமும் நம்மிடம் இருக்கின்றன. விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த ஆண்டே அதைத் தொடங்குங்கள்.